மதிப்பீட்டில் இருக்கும் தண்ணீர்

கரையோர நுண்ணறிவு நீர்ப் பகிர்வு அதிகாரசபை கல்முனையில் நான்கு மாடிக் கட்டடம் எழுப்பி, வாசலுக்குப் பளிங்கு பதித்து, பெயர்ப்பலகைக்கு மின்விளக்கும் போட்ட நாளிலிருந்து, அட்டாளைச்சேனைப் பக்கத்து வாய்க்கால்களில் தண்ணீர் ஓடுவது ஓர் அரச அலுவலாகிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் அது வெறும் தண்ணீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் வயல்வெளித் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டைவிதானை வந்து மதகிலுள்ள துருசுக் கதவின் சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றினால் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். மறுபக்கம் சுற்றினால் நின்றுவிடும். இந்தக் காட்டுமிராண்டித்தனத்தை ஒழிப்பதற்காகவே சபை பிறந்தது. கதவுகள் எல்லாவற்றுக்கும் மோட்டார் பூட்டினார்கள். கல்முனைக் கட்டடத்தின் குளிரூட்டிய அறை ஒன்றிலிருந்து கட்டளை போகும், இருபது மைலுக்கு அப்பால் கதவு திறக்கும். பழைய சக்கரங்களை யாராவது களவாகச் சுற்றிவிடுவார்கள் என்று பயந்து, அவற்றை அறுத்தெடுத்து, வரவேற்பு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே ‘இருண்ட காலம்’ என்று எழுதியும் போட்டார்கள்.

வெயில்காலச் சிறுபோகத்தில், மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் வீசத் தொடங்கிய ஒரு கிழமையில், அந்தக் குளிரூட்டிய அறையிலிருந்த தலைமைச் சுவிட்ச் செத்துப்போனது. சுவிட்ச் என்றதும் சுவரில் லைட் போடுகிற பொத்தானை நினைக்க வேண்டாம். எல்லாக் கணினி வயர்களும் வந்து சேருகிற பெட்டி அது. ஒன்று சொல்வதை மற்றதிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் தொழில். உள்ளே ஒரு பல்லி போய்ப் படுத்ததுதான் காரணம் என்றார்கள். பல்லியின் நடத்தை பற்றி விசாரணை ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. பெட்டி செத்ததும் எல்லாத் துருசுக் கதவுகளும் தாமாகவே மூடிக்கொண்டன. இதற்குப் பெயர் ‘பாதுகாப்பு நிலை’. யாருக்குப் பாதுகாப்பு என்பதைச் சபை சொல்லவில்லை.

அட்டாளைச்சேனை விவசாயி கச்சிமுகம்மதுவின் நெல் வேளாண்மை அப்போது குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் தண்டுக்குள்ளே திரண்டு வெளியே வரப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்தில் வயல் காய்ந்தால் பிறகு வெட்டுவது நெல்லை அல்ல, பதரை. போன போகம் வெள்ளத்தோடு போய்விட்டது. இதுவும் போனால் கச்சிமுகம்மதுவுக்கு அந்த மூன்று ஏக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. மனிதர் இரவில் தூங்கவில்லை.

“ஒரு பெட்டி பழுதாப் போனா இன்னொரு பெட்டிய வாங்கிப் போடுற. இதுக்கு என்னத்துக்கு இவ்வளவு நாள்? நீங்க ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருங்களன்,” என்றாள் மனைவி ஸகியா.

அவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

சபையின் மூன்றாம் மாடியில் ‘சுவிட்ச் ஒப்பீட்டு மற்றும் மதிப்பீட்டுக் குழு’ இரண்டு கிழமையாகக் கூடிக்கொண்டிருந்தது. கூடியதே தவிர ஆரம்பிக்கவில்லை. குழுவில் பாவனையாளர் பிரதிநிதி, அதாவது தண்ணீரைப் பயன்படுத்தும் ஒருவர், இருக்க வேண்டும் என்பது மேலிடத்துச் சுற்றுநிருபம். பாவனையாளர் என்றால் யார், அவரை எங்கே போய்ப் பிடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே தினமும் பத்து மணிக்குக் கூடி, ஆள் போதாது என்று பதிந்து, தேநீர் குடித்துக் கலைந்தார்கள். குழுவின் செயலாளர் மேர்சியா, கல்முனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், வாசலில் இடுப்பில் சாரத்தோடு நின்ற கச்சிமுகம்மதுவைக் கண்டதும் நின்றாள்.

“காக்கா, நீங்க தண்ணி பாவிக்கிறீங்களா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

“வந்தாப் பாவிப்பன் புள்ள.”

“அப்ப உள்ள வாங்க.”

முறைப்பாடு சொல்ல வந்தவரை மெத்தைக் கதிரையில் இருத்தி, முன்னால் பெயர் எழுதிய அட்டையும் வைத்து, தேநீரோடு இரண்டு பட்டிஸும் கொடுத்தார்கள். கச்சிமுகம்மது பயந்துபோனார். அரசாங்கக் கந்தோரில் தன்னைக் கண்டு ஆட்கள் சந்தோஷப்பட்டது அவருடைய ஆயுளில் இதுதான் முதல்தடவை.

தலைவர் மீராமுகைதீன் எழுந்தார். மேலதிகப் பணிப்பாளர். நரைத்த மீசை, கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள்.

“மதிப்புக்குரிய குழுவினரே! இன்று நாம் ஒரு சுவிட்சை வாங்குவதற்காகக் கூடவில்லை. வாங்குவது எவருக்கும் இயலும். கடைக்குப் போனால் வாங்கலாம். நாம் கூடியிருப்பது ஒப்பிடுவதற்காக. ஒப்பிடுவதே நாகரிகம். மனிதனையும் மாட்டையும் வேறுபடுத்துவது எதுவென்று கேட்டால், மாடு தனக்குக் கிடைத்த புல்லைத் தின்றுவிடுகிறது.”

கணக்காளர் யோசப் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கச்சிமுகம்மதுவும் பட்டிஸைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

மூன்று கம்பெனிகள் மூன்று பெட்டிகளை மாதிரிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தன. முதலாவது, மொடியூல் மொடியூலாகக் கழற்றிப் பூட்டக்கூடியது. காற்றாடி தனி, மின்சாரம் தனி, வயர் பூட்டும் பகுதி தனி. இரண்டாவதில் எல்லாம் உள்ளேயே இறுக்கிக் கட்டியிருந்தது. மூன்றாவது சின்னது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இயங்குதளம். பெட்டிக்கு மூளை போல. முதலாவதின் இயங்குதளத்தில் ஒரு பகுதி விழுந்தால் அதை மட்டும் எழுப்பலாம், இரண்டாவதில் ஒன்று விழுந்தால் எல்லாம் விழும், மூன்றாவதை யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். இவ்வளவையும் குழுவின் பொறியியலாளர் பவிதரன், பாண்டிருப்பு ஊர்ப் பிள்ளை, ஒரு மூச்சில் சொல்லி முடித்தான்.

“அப்ப மூளையையும் பெட்டியையும் சேத்து வெச்சுப் பாத்தாத் தெரியும்தானே தம்பி,” என்றார் கச்சிமுகம்மது.

மீராமுகைதீன் கண்ணாடியைக் கழற்றினார்.

“அது விதிமீறல்,” என்றார் மெதுவாக. “மொடியூல் என்பது பொருள். இயங்குதளம் என்பது சேவை. பொருளுக்கு ஒரு குழு, சேவைக்கு இன்னொரு குழு. ஒன்று மற்றதன் தீர்மானத்தைப் பாதித்துவிடக் கூடாது.”

“மத்தக் குழு ஆரு ஸேர்?”

“நாங்கள்தான்.”

ஜன்னல் பக்கக் கதிரைகளில் அமர்ந்திருக்கும்போது அவர்கள் வன்பொருள் குழு. கதவுப் பக்கம் மாறி அமர்ந்தால் இயங்குதளக் குழு. ஜன்னல் பக்கம் இருந்த பவிதரன், இந்த மொடியூலை எந்த இயங்குதளம் ஏற்றுக்கொள்ளும் என்று கேட்டான். அதைக் கதவுப் பக்கத்தில் கேட்கும்படி தலைவர் பணித்தார். எல்லோரும் எழுந்து, கோப்பையோடும் பைலோடும் கதவுப் பக்கம் போய் அமர்ந்ததும் அவன் திரும்பக் கேட்டான். மொடியூல் பற்றிய கேள்விகள் ஜன்னல் பக்கத்துக்கு உரியவை என்று தீர்ப்பாயிற்று. அன்று முழுக்க இப்படியே கதிரை மாறியதில் பவிதரனுக்கு இடுப்பு நாரி பிடித்துவிட்டது. கச்சிமுகம்மது எந்தக் குழுவில் எந்த நேரம் இருக்கிறோம் என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

புள்ளி போடும் கட்டம் வந்தது. சபைக்கு மதிப்பீட்டு அளவுகோல் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டபோது, போன வருடம் லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கியதற்கு எழுதிய அளவுகோலையே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஆகவே ஒவ்வோர் இயங்குதளத்திலும் எத்தனை கியர் உண்டு என்று கேட்கப்பட்டிருந்தது. முதலாவது கம்பெனிக்காரன் ஜெப்றி, உண்மையான பிள்ளை, ‘பொருந்தாது’ என்று எழுதிப் பூச்சியம் வாங்கினான். இரண்டாவது கம்பெனி முன்னுக்கு ஆறு, பின்னுக்கு இரண்டு என்று எழுதியிருந்தது. அதற்கு முழுப் புள்ளி.

“பின்னுக்கும் போகுமாம்,” என்று யோசப் மெச்சினார்.

அடுத்த நாள் செயல்முறைச் சோதனை. ஜெப்றியின் பெட்டியைக் குளிரூட்டிய அறையில் பூட்டினார்கள். எந்தத் துருசுக் கதவைத் திறந்து பார்ப்பது என்று கேள்வி வந்தபோது, பாவனையாளர் பிரதிநிதியின் வாய்க்காலையே பார்ப்போம் என்றாள் மேர்சியா. பவிதரன் கட்டளையைத் தட்டினான். திரையில் அட்டாளைச்சேனைத் துருசு தெரிந்தது. கதவு முனகிக்கொண்டு மேலே எழுந்தது. கீழால் தண்ணீர் பாய்ந்தது. கச்சிமுகம்மதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

“சோதனை வெற்றி. கதவை மூடுங்கள்,” என்றார் தலைவர்.

கதவு மூடியது. கச்சிமுகம்மது வயலில் நின்ற ஸகியாவுக்குப் போன் எடுத்தார். “வாய்க்கால் மட்டும் நனைஞ்சிரிக்கி. வயலுக்குள்ள பாயிற வக்கடைக்கு ஒரு சொட்டும் வரல்ல,” என்றாள் அவள்.

மேர்சியா பதிவேட்டை நீட்டினாள். திருப்தி என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். கச்சிமுகம்மது பேனையைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் விவசாயிகள் கூடித் தண்ணீர் விடும் நாளை முடிவு செய்வார்கள். அதற்குக் கன்னக் கூட்டம் என்று பெயர். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவனாவது ஒருவன் எழுந்து “எனக்கொரு சந்தேகம் இரிக்கி” என்று சொல்லிவிட்டால், அந்தச் சந்தேகம் தீரும்வரை தீர்மானம் நிறைவேறாது. பெரிய அதிகாரியானாலும் இருந்து கேட்டுத்தான் ஆகவேண்டும். முப்பது வருடம் அந்தக் கூட்டங்களில் இருந்து பழகிய உடம்பு கச்சிமுகம்மதுவை அவரைக் கேளாமலே எழுப்பிவிட்டது.

“ஸேர், எனக்கொரு சந்தேகம் இரிக்கி.”

“சொல்லுங்கள்.”

“தண்ணி இன்னும் என்ட வயலுக்கு வரல்ல. நான் என்னெண்டு பெட்டி நல்லதெண்டு கையெழுத்துப் போடுற?”

கணக்காளர் யோசப் சிரிக்கப் பார்த்தார். ஆனால் மேர்சியா சுற்றுநிருபத்தைப் புரட்டி, சோதனை ‘முனைக்கு முனை’ நடத்தப்பட வேண்டும் என்று வாசித்துக் காட்டினாள். இந்த முனை அறையிலிருக்கும் கணினி. அதில் சந்தேகமில்லை. அந்த முனை எது? மோட்டார்தான் முனை என்றான் பவிதரன். மோட்டார் தண்ணீரைப் பாவிப்பதில்லையே என்றார் தலைவர். முனை என்பது இறுதிப் பாவனையாளர் என்று மேர்சியா வாசித்தாள். எல்லோரும் கச்சிமுகம்மதுவைப் பார்த்தார்கள்.

“நானில்ல ஸேர். நெல்லுத்தான் குடிக்கிற,” என்றார் அவர்.

ஒரு மணித்தியால விவாதத்தின் பின் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: வலையமைப்பின் மறுமுனை நெற்பயிரின் வேர். வேர் நனைந்தது உறுதிப்படும்வரை சோதனை முடிந்ததாகக் கருதப்பட மாட்டாது. கதவு மறுபடி திறக்கப்பட்டது. அடுத்த நாள் விடியும்வரை அது மூடப்படவில்லை.

விடிந்ததும் கச்சிமுகம்மது வயலில் போய் நின்றார். கணுக்காலுக்குத் தண்ணீர். வாடியிருந்த தாள்கள் நிமிர்ந்து நின்றன. அவர் குனிந்து தாளொன்றைத் தடவிப் பார்த்தார். பிறகு மனதுக்குள் ஒரு வெளிச்சம் பட்டது. பெட்டியை வாங்கினால் பெட்டி எப்போது வருமோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பெட்டியைச் சோதித்தால் தண்ணீர் இப்போதே வருகிறது.

அன்றிலிருந்து சபை கண்ட மிகக் கடுமையான மதிப்பீட்டாளர் கச்சிமுகம்மதுதான்.

“எனக்கொரு சந்தேகம் இரிக்கி. இந்தப் பெட்டியில ரெண்டு காத்தாடி இரிக்கி. ஒண்டக் கழட்டிப்போட்டுப் பாத்தா என்ன?” பார்த்தார்கள். ஒரு பகல் முழுக்கத் தண்ணீர். “மத்த மொடியூலப் பூட்டினா?” பூட்டினார்கள். இன்னொரு பகல். “எல்லாம் பகல்ல பாத்தம். ராவையில இந்த மூள வேல செய்யுமா? சில பேருக்கு ராவையில மூள வேல செய்யாது ஸேர்.” தலைவர் ஓரக்கண்ணால் கணக்காளர் யோசப்பைப் பார்த்தார். இரவுச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது.

மீராமுகைதீனுக்கு அவர்மேல் பிரியம் வளர்ந்துகொண்டே போனது. சபையின் மாதாந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார்.

“ஒரு சாதாரண விவசாயி நமக்குத் தரக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று காட்டியிருக்கிறார். நாம் முதலாவது சோதனையிலேயே திருப்திப்படப் பார்த்தோம். எவ்வளவு ஆபத்தான மனநிலை! திருப்திப்பட்டிருந்தால் முடிவெடுத்திருப்போம். முடிவெடுத்திருந்தால் இந்தக் குழு இன்று இருந்திருக்காது.”

கச்சிமுகம்மதுவின் வயல் பச்சைப் பிடித்து நின்றதைப் பார்த்து ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வாய்க்கால் அப்துல் ஸமட் சைக்கிளில் வந்து, வீட்டு வாசலிலேயே இறங்காமல் கத்தினான்.

“என்ன மச்சான், அரசாங்கத் தண்ணியெல்லாம் உனக்கு மட்டுமா? எங்கட வேளாம கருகுது. நீ பட்டிஸ் திங்கிறாய்!”

கச்சிமுகம்மதுவுக்கு அந்தச் சொல் சுட்டது. அவன் கேட்டதில் பிழையில்லை. இரவு முழுக்கப் புரண்டு படுத்தார். மறுநாள் குழுவில் பெட்டியின் முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“ஸேர், இதில வயர் பூட்டுற துவாரம் எத்தின இரிக்கி?”

“இருபத்தினாலு,” என்றான் பவிதரன்.

“நாம ஒண்டத்தான் பாத்திரிக்கம். மத்ததெல்லாம் பழுதா நல்லதா எண்டு ஆருக்குத் தெரியும்?”

மீராமுகைதீன் எழுந்து வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார். இருபத்துமூன்று துவாரங்களைப் பார்க்காமல் விட்ட குழுவின் தலைவர் என்று சரித்திரம் தன்னைப் பேசியிருக்கும்! ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒவ்வொரு துருசுக் கதவு பூட்டப்பட்டது. கிழமைக்கு மூன்று பெட்டி, மூன்று மூளை, அதற்குள் மொடியூல் மாற்றி மாற்றிச் சோதனை. அட்டாளைச்சேனையிலிருந்து தெற்கே கடைசி வாய்க்கால்வரை தண்ணீர் போயிற்று. சபை ஒழுங்காக இயங்கிய காலத்தில்கூட கடைசி வாய்க்கால் அவ்வளவு தண்ணீரைக் கண்டதில்லை. அப்துல் ஸமட் ஒரு தாரா முட்டைப் பொட்டலத்தோடு வந்து, வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

கதிர் வெளியே வந்து பால் கட்டத் தொடங்கிய நேரத்தில்தான் கொழும்பிலிருந்து முஸ்தாக் வந்தார். அமைச்சு அதிகாரி. இளம் வயது, கையில் மடிக்கணினி. வந்து இறங்கிய வேகத்தைப் பார்த்துக் காவலாளியே எழுந்து நின்றான்.

“ஒரு சுவிட்ச் வாங்க இத்தனை நாளா? இன்று பின்னேரத்துக்குள் ஒரு பெட்டியைத் தெரிவு செய்து கையெழுத்திடுங்கள். மாதிரிப் பெட்டிகளை நாளைக்கே திருப்பிக் கொடுங்கள்.”

“புதுப் பெட்டி எப்ப ஸேர் வரும்?” என்று கேட்டார் கச்சிமுகம்மது.

“கப்பலில் வர நான்கைந்து மாதம் எடுக்கும்.”

வயலுக்கு இன்னும் ஒரேயொரு தடவை தண்ணீர் பாய வேண்டும். பால் கெட்டியாகி மணி பிடிக்க அது போதும். அது கிடைக்காவிட்டால் இவ்வளவு நாள் இருந்த இருப்பெல்லாம் வீண். அவருடையது மட்டுமல்ல, இருபத்துநாலு வாய்க்கால்களின் வேளாண்மையும்.

முஸ்தாக் கையெழுத்துப் பத்திரத்தை மேசையில் வைத்துப் பேனையையும் திறந்து வைத்தார். பேனை யோசப்பிடம் போனது. அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பவிதரனிடம் தள்ளினார். கண்ணாடி அவருடைய மூக்கில் இருந்தது. பவிதரன், தான் கருத்துச் சொல்ல மட்டுமே நியமிக்கப்பட்டவன் என்று தலைவரிடம் தள்ளினான். மீராமுகைதீன் பேனையைத் தொடவில்லை.

“முஸ்தாக் அவர்களே, நான் இருபத்தெட்டு வருடம் சேவை செய்தவன். நூற்றுக்கு மேற்பட்ட குழுக்களில் இருந்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட எதையும் வாங்கவில்லை. ஆகவே ஒரு கணக்காய்வுக் கேள்விகூட என் பெயரில் இல்லை. முடிவெடுத்தவனைத்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். ஒப்பிட்டுக்கொண்டிருந்தவனை இந்த நாட்டில் இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான் இருக்கிறது. என்னை இப்படியே விட்டுவிடுங்கள்.”

கச்சிமுகம்மதுவுக்கு அந்த மனிதனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் எழுந்தார்.

“ஸேர், எனக்கொரு சந்தேகம் இரிக்கி.”

மீராமுகைதீன் அவரை ஏக்கத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாச் சோதனையும் வெயில்ல செஞ்சது. மழையில இந்தப் பெட்டி எப்படி எண்டு நாம பாக்கல்ல.”

முஸ்தாக் சிரித்துவிட்டார். “பெட்டி குளிரூட்டிய அறைக்குள் இருக்கிறது. மழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?”

“பெட்டி அறைக்குள்ளதான். நெல்லு வெளியிலயெல்லா ஸேர் நிக்கிற. முனைக்கு முனை எண்டுதானே சொல்லியிரிக்கி?”

மேர்சியா ஏற்கெனவே பக்கத்தைப் புரட்டிவிட்டாள். மறுமுனை நெற்பயிரின் வேர் என்று ஏகமனதாக எடுத்த தீர்மானத்தை அவள் சத்தமாக வாசித்தாள்.

“சரி, மழை எப்போது பெய்யும்?” என்று கேட்டார் முஸ்தாக்.

“ஐப்பசியில, ஸேர்,” என்றான் பவிதரன்.

“அதுவரை வெயில் காலச் சோதனைகளைத் தொடர்வது அவசியம்,” என்று மீராமுகைதீன் துள்ளி எழுந்தார். “இல்லாவிட்டால் மழை காலத்தை எதோடு ஒப்பிடுவது?”

“இதெல்லாம் தேவையில்லை. நான் நிராகரிக்கிறேன்.”

“தாராளமாக, ஸேர்,” என்றாள் மேர்சியா பணிவாக. “தீர்மானத்த நிராகரிக்கிறதெண்டா இந்த இடத்தில நீங்க மட்டும் கையெழுத்துப் போடவேணும். பேரையும் பதவியையும் தெளிவா எழுதுங்க.”

முஸ்தாக் பேனையைப் பார்த்தார். பேனை அவரைப் பார்த்தது. அவர் மடிக்கணினியை மூடினார்.

“தொடருங்கள்,” என்றார். “ஆனால் விரைவாகத் தொடருங்கள்.”

அன்று இரவே இருபத்துநாலு கதவுகளும் திறந்தன.

அறுவடை வந்தது. வெட்டு மெசின் போன வழியெல்லாம் மூட்டை குவிந்தது. இப்படியொரு விளைச்சலை அந்தப் பக்கம் கண்டதில்லை என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். ஸகியா அறைக்குள் அடுக்கிய மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “கியர் எத்தினயெண்டு கேட்டவங்களா இதச் செஞ்ச?” என்று சிரித்தாள். கச்சிமுகம்மது பல நாளைக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார்.

சபை சும்மா இருக்குமா? பாராட்டு விழா வைத்தது. விவசாயிகளை பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். கச்சிமுகம்மதுவுக்குப் பொன்னாடை போர்த்தி மேடையில் இருத்தினார்கள். மீராமுகைதீன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இந்தப் போகத்தில் நமது சபை வரலாறு காணாத விளைச்சலைப் பெற்றுத் தந்திருக்கிறது. இதில் மிக முக்கியமான உண்மை ஒன்று உண்டு. இந்தப் போகம் முழுவதும் நம்மிடம் சொந்தமாக ஒரு சுவிட்ச் இருக்கவில்லை! சுவிட்ச் இருந்த வருடங்களில் விளைச்சல் குறைவு. இல்லாத வருடத்தில் விளைச்சல் அதிகம். ஆகவே சுவிட்ச் தேவையில்லை என்று அமைச்சு தீர்மானித்துள்ளது. கொள்வனவு ரத்துச் செய்யப்படுகிறது. மாதிரிப் பெட்டிகள் இன்றே திருப்பி அனுப்பப்படும்.”

மண்டபம் கைதட்டியது. கைதட்டிப் பழகிய சனம். கச்சிமுகம்மதுவின் கையும் இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் காதில் விழுந்தது மண்டைக்குள் இறங்கியது. ஜன்னலால் எட்டிப் பார்த்தார். முற்றத்தில் ஜெப்றி முதலாவது பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். பெட்டி போனால் கதவு திறக்காது. இன்னும் சில கிழமையில் பெரும்போகத்துக்கு வயலை நனைத்து உழ வேண்டும். முன்வரிசையில் அப்துல் ஸமட்டின் வாய் திறந்தபடியே இருந்தது.

கச்சிமுகம்மது பொன்னாடை தரையில் இழுபட, மேடைக்குப் பின்னால் நின்ற மேர்சியாவிடம் போனார்.

“புள்ள, சுவிட்ச் வேணாம் எண்ட இந்த முடிவ ஆராச்சும் மதிப்பீடு செஞ்சவங்களா?”

மேர்சியாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

“இல்ல காக்கா. செய்யல்ல. சுவிட்ச் இல்லாம ஒரு போகம் பாத்தாச்சு. ஒப்பிடுறதெண்டா இருக்கக்குள்ளயும் ஒரு போகம் பாக்கத்தானே வேணும்?”

அவள் போய்த் தலைவரின் காதில் அதைச் சொன்னாள். மீராமுகைதீன் பாதிப் பேச்சில் நின்றார். ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, அதை அறிவித்த வாய் தன்னுடையது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மேடை விளிம்புக்கு ஓடிவந்து, ஒலிவாங்கி கையில் இருப்பதையும் மறந்து, முற்றத்தைப் பார்த்துக் கத்தினார்.

“வேனை நிறுத்துங்கள்! பெட்டியை இறக்குங்கள்! ஒப்பீடு முடியவில்லை!”

ஜெப்றி தலையில் கையை வைத்துக்கொண்டான். பெட்டிகள் ஒவ்வொன்றாக மறுபடி படியேறின. கச்சிமுகம்மது திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். அப்துல் ஸமட் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு மேடைக்கு வந்தான்.

“என்ன மச்சான் நடந்த? ஒண்டும் விளங்கல்ல.”

“தண்ணி வேணுமா வேணாமா எண்டு பாக்கிறத்துக்குத் தண்ணி விடப் போறாங்க.”

“அது எப்ப முடியிற?”

கச்சிமுகம்மது இரண்டு கைகளையும் மேலே ஏந்தினார்.

“முடியவே கூடா எண்டு துஆச் செய் மச்சான்.”